மேசைமேல் பூனை, காலடியில் நாய்

ஏறத்தாழ 1420-ஆம் ஆண்டு. நெதர்லாந்தின் தெவெந்தர் நகரில் ஏடுகளைப் பிரதி எடுக்கும் ஒருவர் காலையில் வேலைக்கு உட்காருகிறார். முந்தின இரவு திறந்தபடியே விட்டுப்போன ஏட்டின்மேல் பூனை மூத்திரம் பெய்திருக்கிறது. அந்தப் பக்கத்தில் இனி எழுத முடியாது. மனிதருக்குக் கோபம் தாளவில்லை. மிச்ச இடத்தை வெறுமையாக விட்டார். கறையைச் சுட்டும் விரலையும் ஒரு பூனையின் படத்தையும் வரைந்தார். அந்தப் பூனை நாசமாய்ப் போகட்டும் என்று லத்தீனில் சபித்தார். பூனை வந்துபோகும் இடத்தில் இரவில் புத்தகத்தைத் திறந்து வைக்காதீர்கள் என்று பின்னால் வருகிறவர்களுக்கு எச்சரிக்கையும் எழுதி வைத்தார். ஜெர்மனியின் கொலோன் நகர ஆவணக் காப்பகத்தைச் சேர்ந்த அந்த ஏட்டில், என்ன எழுத உட்கார்ந்தாரோ அதைவிடப் பூனையைத் திட்டிய பகுதிதான் இன்று பெயர் பெற்றிருக்கிறது.

அவர் ஒருவர் மட்டும் பட்ட பாடும் இல்லை இது. குரோஷியாவின் துப்ரோவ்னிக் ஆவணக் காப்பகத்தில் 1445-ஐச் சேர்ந்த பதிவேடு ஒன்று இருக்கிறது. மையில் கால் வைத்த பூனை அதன் பக்கங்களின் குறுக்கே நடந்துபோன தடம் அப்படியே பதிந்திருக்கிறது. 2011-ல் எமிர் ஃபிலிபோவிச் என்ற வரலாற்றாய்வாளர் கண்ணில் அது பட்டது. கணினியில் கட்டுரை எழுதும்போது விசைப்பலகைமேல் பூனை ஏறி நடக்கப் பார்த்தவர்களுக்கு இந்தத் தடங்களை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

எழுதுகிறவருக்கு உற்ற துணை பூனையா நாயா என்ற பட்டிமன்றம் ஓய்ந்தபாடில்லை. பூனைக் கட்சியார் அமைதி, தனிமை, சுதந்திரம் என்று அடுக்குவார்கள். நாய்க் கட்சியார் விசுவாசம், பாசம், காவல் என்று பதில் அடுக்குவார்கள். பழைய கடிதங்களையும் நாட்குறிப்புகளையும் கணக்குப் புத்தகங்களையும் புரட்டிப் பார்த்தால் வழக்கின் போக்கே வேறாகத் தெரிகிறது. எழுத்து எந்த மாதிரி வீட்டில் நடந்தது, அந்த வீட்டில் வேலை செய்தது யார், எழுதியவர் நாளில் எவ்வளவு நேரம் வெளியே போனார் என்பவைதான் மேசைக்கருகே எந்தப் பிராணி உட்கார்ந்தது என்பதைத் தீர்மானித்திருக்கின்றன. குணத்தைப் பற்றிய பேச்செல்லாம் பிற்பாடு வந்தது.

முதலில் வந்தது பூனை. அதை அழைத்து வந்தது எலி. இடைக்கால ஐரோப்பாவில் ஏடு என்றால் பதப்படுத்திய கன்றுத்தோல், ஆட்டுத்தோல். எலிக்கு அது தீனி. தேவாலயக் களஞ்சியத்துத் தானியமும் தீனி. இங்கிலாந்தின் எக்ஸிட்டர் பேராலயக் கணக்குகளில் 1305 முதல் 1467 வரை பூனைக்கென்றே ஒரு செலவு எழுதப்பட்டிருக்கிறது: வாரத்துக்கு ஒரு பென்னி. அதற்குமேல் வேண்டியதை அதுவே பிடித்துத் தின்றுகொள்ள வேண்டியதுதான். 13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், உலகைத் துறந்து ஓர் அறைக்குள் தங்களை அடைத்துக்கொண்டு வாழ்ந்த பெண்களுக்காக ஆங்கிலத்தில் ஒரு நெறிநூல் எழுதப்பட்டது. ‘ஆங்க்ரின் விஸ்’ என்று அதற்குப் பெயர். மாடு வைத்துக்கொண்டால் அதன் தீவனம், அது போய் மேய்ந்த வயலின் சண்டை என்று மனம் உலகத்தின் பக்கம் திரும்பிவிடும் என்று அந்த நூல் கவலைப்படுகிறது. ஆகவே எந்தப் பிராணியும் வேண்டாம், பூனை ஒன்றைத் தவிர. வீட்டோடு கிடந்து படிக்கிறவருக்கு என்ன துணை ஏற்றது என்று வகுத்துச் சொன்ன மிகப் பழைய விதிகளில் இதுவும் ஒன்று.

அதற்கும் நானூறு ஆண்டு முந்தியவர் ஓர் அயர்லாந்துத் துறவி. 9-ஆம் நூற்றாண்டில், சொந்த நாட்டைவிட்டு ஐரோப்பாவின் நடுப்பகுதிக்கு வந்து படித்துக்கொண்டிருந்தவர். இலக்கணக் குறிப்பு, லத்தீன் துதிப்பாட்டு என்று கலந்து எழுதிவைத்த தம் பாடப்புத்தகத்தின் ஒரு பக்கத்தில், தம்முடைய வெள்ளைப் பூனை பாங்கூரைப் பற்றிப் பழைய ஐரிஷ் மொழியில் எட்டுச் செய்யுள் எழுதினார். பூனை எலியைத் தேடுகிறது, தாம் பொருளைத் தேடுகிறோம், ஒருவர் வேலையில் ஒருவர் தலையிடுவதில்லை என்பது பாட்டின் சாரம். அந்தக் கையேடு இன்று ஆஸ்திரியாவின் சங்ட் பவுல் மடத்தில் இருக்கிறது. துறவியின் பெயர் போய்விட்டது, பூனையின் பெயர் நின்றுவிட்டது.

பூனைக் கட்சிக்காகப் பிற்காலத்தில் சாட்சி ஜோடித்ததும் உண்டு. இத்தாலியக் கவிஞர் பெட்ரார்க் 1374-ல் இறந்த ஆர்க்குவா கிராமத்து வீட்டுக்குப் போகிறவர்கள், சுவர்மாடத்தில் கண்ணாடிக்குப் பின்னால் பதப்படுத்தப்பட்ட பூனை உடல் ஒன்றைப் பார்க்கலாம். கவிஞரின் முதல் காதல் அவர் பாடிய லாராவின் மேலல்ல, தன்மேல்தான் என்று அந்தப் பூனையே சொல்வதுபோல லத்தீன் வாசகமும் கீழே உண்டு. பெட்ரார்க் போய்ப் பல தலைமுறைக்குப் பிறகு, வீட்டை வாங்கியவர்கள் செய்த ஏற்பாடு அது. பெட்ரார்க் தாமே கவிதைக் கடிதத்தில் வைத்துப் பாடியது கர்தினால் கொலோன்னா கொடுத்த நாயை.

ஆதாரம் அசைக்க முடியாத பூனை வேண்டுமென்றால் 18-ஆம் நூற்றாண்டு லண்டனுக்குத்தான் வர வேண்டும். 1755-ல் வெளிவந்த ஆங்கில அகராதியைத் தொகுத்த சாமுவேல் ஜான்சனிடம் ஹாட்ஜ் என்று ஒரு பூனை இருந்தது. அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதிய ஜேம்ஸ் பாஸ்வெல்லுக்குப் பூனை என்றாலே ஆகாது. ஒரே அறையில் இருந்தாலே உடம்பு கூசும். அந்த மனிதர்தான் ஹாட்ஜை உலகறியச் செய்தவர் என்பது வேடிக்கை. ஹாட்ஜுக்குச் சிப்பி மீன் வாங்க ஜான்சன் தாமே கடைக்குப் போவார் என்று பாஸ்வெல் எழுதுகிறார். அன்றைய லண்டனில் சிப்பி ஏழைகளின் தீனி, மலிவுச் சரக்கு. பிறகு ஏன் வீட்டு எஜமானர் போக வேண்டும்? இந்தத் தொல்லையால் வேலைக்காரர்களுக்குப் பூனைமேல் வெறுப்பு வந்துவிடக் கூடாது என்பதற்காக என்கிறார் பாஸ்வெல்.

ஜான்சனை நெருங்கிப் பழகிய ஹெஸ்டர் திரேல் சொல்லும் காரணம் வேறு. ஜான்சனின் பணியாள் பிரான்சிஸ் பார்பர் ஜமைக்காவில் அடிமையாகப் பிறந்த கறுப்பர். ஒரு நாலுகால் பிராணிக்குச் சேவகம் செய்ய வைத்து அவர் மனத்தை நோகடிக்கக் கூடாது என்றுதான் ஜான்சன் தாமே போனார் என்பது திரேலின் கூற்று. ஒருவர் கணக்கில் அது பூனைமேல் வைத்த பரிவு, மற்றவர் கணக்கில் மனிதர்மேல் வைத்த மரியாதை. எழுத்தாளரின் செல்லப் பிராணி என்று பேசும்போது அதற்குச் சோறு வைத்தது யார், அது அசிங்கம் செய்த இடத்தைத் துடைத்தது யார் என்ற கேள்வி அநேகமாக எழுவதே இல்லை. ஹாட்ஜின் கதையில் மட்டும் அது பளிச்சென்று தெரிகிறது. பார்பரைத் தம் சொத்துக்கு முக்கிய வாரிசாக்கிவிட்டு ஜான்சன் 1784-ல் இறந்தார். அகராதி உருவான கஃப் சதுக்கத்து வீட்டுக்கு எதிரே 1997-ல் ஹாட்ஜுக்கு வெண்கலச் சிலை வைத்தார்கள். அகராதியின்மேல் உட்கார்ந்திருக்கிறது, பக்கத்தில் சிப்பி ஓடுகள்.

ஜான்சனின் நண்பரான கவிஞர் கிறிஸ்டோபர் ஸ்மார்ட்டுக்கு அடைபட்ட காலத்துத் துணையாகப் பூனை வாய்த்தது. தெருவில் கண்டவர்களையெல்லாம் மண்டியிட்டுப் பிரார்த்திக்க அழைத்ததால் மனநிலை சரியில்லை என்று மனநோயாளர் விடுதியில் அடைக்கப்பட்டவர் அவர். 1759-க்கும் 1763-க்கும் இடையே அங்கிருந்தபடியே ஒரு நீண்ட துதிப்பாடலை எழுதினார். அதில் அவருடைய பூனை ஜெஃப்ரி சோம்பல் முறிப்பதும் உடம்பை நக்கிச் சுத்தம் செய்வதும் எலியை விட்டு விளையாடுவதும் ஒவ்வொன்றும் இறைவழிபாடாகிறது. கையெழுத்துப் பிரதி அச்சேறியது 1939-ல்தான். இன்று ஸ்மார்ட்டின் மற்றக் கவிதைகளைப் படிப்பவர்கள் குறைவு. ஜெஃப்ரியைத் தெரியாத ஆங்கிலக் கவிதை வாசகர் இல்லை.

19-ஆம் நூற்றாண்டு பிறந்ததும் காட்சி மாறியது. அது நாயின் நூற்றாண்டு. எழுத்தில் பணம் வரத் தொடங்கிய காலம் அது. பணம் வந்தவர்கள் நிலம் வாங்கினார்கள், மாளிகை கட்டினார்கள், வேட்டைக்குப் போனார்கள். அதற்கெல்லாம் நாய் வேண்டும். பிரிட்டனில் 1796-லேயே நாய்க்கு வரி வந்துவிட்டது. பூனைக்கு வரி போட யாரும் நினைக்கவில்லை. வரி கட்டி வளர்ப்பதே ஒரு கௌரவம்.

இதற்கு ஸ்காட்லாந்து நாவலாசிரியர் வால்டர் ஸ்காட்டைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது. ஆஷஸ்டீல் வீட்டில் குடியிருந்தபோது வெளியே மழையோ பனியோ, எழுதும் அறையின் ஜன்னல் ஒன்று திறந்தே இருக்கும். இரண்டு வேட்டைநாய்கள் இஷ்டப்படி உள்ளே குதிக்கவும் வெளியே தாவவும் அந்த ஏற்பாடு. 1809-ல் கேம்ப் என்ற நாய் இறந்தபோது, அன்பான பழைய நண்பர் ஒருவர் காலமானதால் விருந்துக்கு வர இயலவில்லை என்று அழைத்தவருக்குச் சொல்லி அனுப்பினார். எடின்பரோ வீட்டுத் தோட்டத்தில் நிலா வெளிச்சத்தில் அதைப் புதைத்தார்கள். பிறகு வந்தது மைடா. ஆளை மறைக்கும் உயரம். ஓவியர்கள் ஸ்காட்டை வரைய வந்தபோதெல்லாம் மைடாவையும் சேர்த்தே வரைந்தார்கள். கடைசியில் தூரிகையைக் கண்டாலே எழுந்து போய்விடும் அளவுக்கு அதற்கு அலுத்துவிட்டது.

அதே அறையில் பூனையும் இருந்தது. ஹின்ஸே என்று பெயர். ஸ்காட்டின் மருமகன் லாக்ஹார்ட் எழுதிய வாழ்க்கை வரலாற்றில் அந்த எடின்பரோ அறையின் நடப்பு அழகாகப் பதிவாகியிருக்கிறது. ஸ்காட் மேசையில். மைடா காலடியில். உயரத்துப் புத்தகங்களை எடுக்க வைத்த ஏணியின் உச்சிப் படியில் ஹின்ஸே. வெளியே போக வேண்டுமென்றால் மைடா கதவைப் பாதத்தால் இடிக்கும். உலகப் புகழ் நாவலாசிரியர் எழுந்து போய்த் திறந்துவிடுவார். அது வெளியேறியதும் ஹின்ஸே ஏணியிலிருந்து இறங்கி வந்து காலடியில் உட்கார்ந்துகொள்ளும். நாய் திரும்பும்வரை அது பதில் காவலர். இரண்டும் ஓரிடத்தில் எப்படி வாழ்ந்தன என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி அரிது. ஆனால் கதை இனிமையாக முடியவில்லை. 1826-ல் நிம்ராட் என்ற வேட்டைநாய் கிழவன் ஹின்ஸேயைக் கொன்றுவிட்டது. பதிப்பகமும் அச்சகமும் நொடித்து, ஒரு லட்சத்து இருபதாயிரம் பவுண்டு கடன் ஸ்காட்டின் தலையில் விழுந்ததும் அந்த ஆண்டில்தான். ஊரில் என் நாய்கள் வீணாகக் காத்திருக்குமே, நல்ல எஜமானர் பார்த்துக் கொடுக்க வேண்டுமே என்று முறிவு நெருங்கிய நாட்களில் நாட்குறிப்பில் புலம்புகிறார். எடின்பரோ நினைவுமண்டபத்தில் பளிங்கு ஸ்காட்டின் பக்கத்தில் இன்றும் மைடா படுத்திருக்கிறது. ஹின்ஸேக்கு அங்கே இடமில்லை.

வீட்டைவிட்டு வெளியே போகாத எழுத்தாளருக்குப் பூனைதான் பொருந்தும் என்று யாராவது விதி வகுத்தால், அதை உடைக்க இரண்டு பெண்கள் இருக்கிறார்கள். ஒருவர் ஆங்கிலக் கவிஞர் எலிசபெத் பாரெட். சகோதரர் கடலில் மூழ்கி இறந்த துயரில் படுக்கையோடு கிடந்தவருக்கு, எழுத்தாளர் மேரி ரஸ்ஸல் மிட்ஃபர்ட் 1841-ல் ஃப்ளஷ் என்ற ஸ்பானியல் குட்டியை அனுப்பினார். லண்டன் விம்போல் தெருவில் திரை போட்ட அறைக்குள் அவருடைய போர்வைமேல் அது ஆண்டுக்கணக்கில் கிடந்தது. அன்றைய லண்டனில் நாய்த் திருட்டு ஒரு தொழில். பணக்கார வீட்டு நாயைத் தூக்கிப் போய், பணம் தராவிட்டால் கொன்றுவிடுவோம் என்று மிரட்டுவார்கள். நாய் விற்ற காசு குரைக்கவா போகிறது! 1845-ல் இதற்கென்றே தனிச் சட்டம் போட வேண்டியிருந்தது. சட்டம் வந்தும் நிற்கவில்லை. ஃப்ளஷ் மூன்று முறை திருடு போயிற்று.

மூன்றாம் முறை 1846 செப்டம்பரில். கவிஞர் ராபர்ட் பிரௌனிங்கை ரகசியமாகக் கல்யாணம் செய்துகொள்ளச் சில நாள்தான் பாக்கி. திருடருக்குப் பணம் கொடுப்பது தப்பு என்று பிரௌனிங் கடிதத்துக்குமேல் கடிதம் எழுதினார். எலிசபெத் கேட்கவில்லை. மாடிப்படி இறங்கவே யோசிப்பவர் பணிப்பெண்ணோடு வண்டி ஏறித் திருடர் தலைவன் வீட்டு வாசலுக்கே போனார். ஃப்ளஷ் திரும்பி வந்தது. கல்யாணம் முடித்து இத்தாலிக்குக் கிளம்பியபோது அதுவும் உடன் போயிற்று. ஃபுளோரன்ஸில் அவர்கள் வாழ்ந்த காசா கீடியிலேயே அதைப் புதைத்தார்கள்.

இன்னொருவர் அமெரிக்காவின் எமிலி டிக்கின்சன். 1849-ல் அப்பா வாங்கிக் கொடுத்த நியூஃபவுண்ட்லாந்து நாய் கார்லோ பதினாறு ஆண்டு அவரோடு இருந்தது. உன் தோழர்கள் யார் என்று கேட்ட இலக்கிய நண்பர் ஹிக்கின்சனுக்கு, மலைகளையும் அந்திச் சூரியனையும் தன் உயர நாயையும் பட்டியலிட்டார். வீட்டில் பூனைகளும் உண்டு. அவை தங்கை லவினியாவின் பூனைகள், எமிலிக்குப் பிடிக்காது. ஆம்ஹர்ஸ்ட் ஊரில் அவர் காடுமேடு சுற்றியதெல்லாம் கார்லோவோடுதான். 1866 ஜனவரியில் அது இறந்ததை ஹிக்கின்சனுக்கு ஒரே வரியில் தெரிவித்தார். வேறு நாய் வளர்க்கவே இல்லை. வாழ்நாள் கவிதைகளில் பெரும்பகுதியை எழுதிய ஆண்டுகளும் அத்தோடு முடிந்திருந்தன. வெளியே கூட்டிப் போக ஒரு ஜீவன் இல்லாமல் போனதும் அவர் வீட்டுக்குள்ளேயே தங்கிப்போனதற்கு ஒரு காரணம் என்று நினைக்க இடமுண்டு.

சார்ல்ஸ் டிக்கன்ஸ் இரு கட்சியிலும் கால் வைத்தவர். நாள்தோறும் பல மைல் நடப்பவர், கேட்ஸ் ஹில் வீட்டைக் காக்கப் பெரிய பெரிய நாய்களை வைத்திருந்தார். பூனை விஷயத்தில் தோற்றுப்போனார். வில்லியமினா என்ற தாய்ப்பூனை குட்டிகளை ஒவ்வொன்றாக அவருடைய படிப்பறைக்குக் கவ்விக்கொண்டு வந்தது. வெளியே விடச் சொன்னார். மறுபடி கொண்டுவந்து அவர் காலடியிலேயே போட்டது. அதன்பின் அவர் எதுவும் சொல்லவில்லை. தங்கிவிட்ட குட்டி ஒருநாள் அவர் படித்துக்கொண்டிருந்த மெழுகுவர்த்தியைப் பாதத்தாலேயே அணைத்ததாக மகள் மேமி எழுதியிருக்கிறார். பாப் என்ற இன்னொரு பூனை 1862-ல் இறந்தபோது, மைத்துனி ஜார்ஜினா அதன் பாதத்தைப் பதப்படுத்தி, தந்தக் கடிதக்கத்திக்குப் பிடியாகப் பொருத்திக் கொடுத்தார். நியூயார்க் பொது நூலகத்தில் அது பத்திரமாக இருக்கிறது. பார்க்கிறவர்களில் பாதிப் பேர் உருகுகிறார்கள், பாதிப் பேர் முகம் சுளிக்கிறார்கள்.

20-ஆம் நூற்றாண்டு பிறக்கையில் பூனை மறுபடி மேசை ஏறியது. இந்தத் தடவை கிழக்கிலிருந்து. 1904-ல் டோக்கியோவில் பல்கலைக்கழக விரிவுரையாளர் நட்சுமே சோசெகியின் வீட்டுக்குள் ஒரு தெருப்பூனைக்குட்டி நுழைந்தது. மனைவி கியோகோ துரத்தத் துரத்த வந்தது. கால் நகமெல்லாம் கறுப்பு, இது அதிர்ஷ்டப் பூனை என்று உடம்பு பிடிக்க வரும் கிழவி சொன்ன பிறகுதான் கியோகோ இறங்கி வந்தார். கிழவி சொன்னது பலித்தது. 1905 ஜனவரியில் ‘ஹோடோடோகிசு’ இதழில், பள்ளி ஆசிரியர் ஒருவரின் வீட்டை அங்கே வாழும் பெயரில்லாப் பூனை கிண்டலடிப்பதாக ஒரு கதை வந்தது. ஒரே தவணையில் முடிய வேண்டியது, வரவேற்பைப் பார்த்து பதினொரு பகுதி வளர்ந்தது. ‘நான் ஒரு பூனை’ நாவல் சோசெகியை எழுத்தாளராக்கியது. பூனைக்கு அவர் கடைசிவரை பெயர் வைக்கவே இல்லை. 1908 செப்டம்பரில் அது இறந்தபோது நண்பர்களுக்கு மரண அறிவிப்பு அஞ்சலட்டை அனுப்பினார். பின்னாளில் ஹெக்டர் என்ற நாயும் வளர்த்தார். அதைப் பற்றிச் சில பக்கம்தான் எழுதினார்.

அதே 1905-ல் நியூயார்க்கில் மார்க் ட்வைனின் கறுப்புப் பூனை பாம்பினோ காணாமல் போயிற்று. ஐந்து டாலர் சன்மானம் என்று பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தார். கறுப்பு, சாம்பல், வரி என்று கைக்குக் கிடைத்த பூனையையெல்லாம் தூக்கிக்கொண்டு ஜனங்கள் படியேறினார்கள். எல்லாருக்கும் ட்வைனைப் பார்க்க ஒரு சாக்கு. பாம்பினோ தானாகவே வந்து சேர்ந்தது. மறு கோடையில் நியூ ஹாம்ப்ஷயருக்குப் போனவர், பக்கத்துப் பண்ணையில் குட்டிகளை வாடகைக்கு எடுத்தார். கோடை முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிடலாம், அவற்றை அநாதையாக விட்டுப் போக வேண்டாம் என்பது ஏற்பாடு.

பூனையும் வேண்டாம் நாயும் வேண்டாம் என்பதுபோல ஒருவர் இலங்கையில் சாமான் வாங்கினார். சகாலின் தீவிலிருந்து கடல்வழி திரும்பிய ரஷ்ய எழுத்தாளர் அந்தோன் செகாவ் 1890 நவம்பரில் கொழும்பில் இறங்கினார். கண்டிக்கு ரயிலில் போய் வந்தார். கிளம்பும்போது கீரிகளை வாங்கினார். மாஸ்கோ வந்து பார்த்தால் அதில் ஒன்று கீரியே இல்லை, மரநாய். உண்மைக் கீரி எல்லாரோடும் பழகியது. ஆனால் வீட்டில் எதையும் விட்டுவைக்கவில்லை. பூத்தொட்டி, பொட்டலம், வந்தவர் சட்டைப்பை வரை துருவியது. பாத்திரங்கள் உடைந்தன. கடைசியில் மாஸ்கோ விலங்குக்காட்சிச் சாலைக்குக் கொடுத்துவிட்டார். மெலிகொவோ பண்ணைவீட்டில் குடியேறிய பிறகு 1893-ல் இரண்டு குள்ளக்கால் டாக்ஸ்ஹுண்ட் நாய்கள் வந்தன. மருத்துவரான செகாவ் அவற்றுக்கு மருந்துப் பெயர்களை வைத்தார்: புரோம், குவைனா. மாலையில் குவைனா வந்து முழங்காலில் கால் வைத்து நின்றால், எதிரே ஒரு மூதாட்டி உட்கார்ந்திருப்பதுபோல அரைமணி நேரம் அதனோடு பேசிக்கொண்டிருப்பார் என்று தம்பி மிகயீல் எழுதிவைத்திருக்கிறார்.

செகாவ் போன பதினான்கு ஆண்டுக்குப் பிறகு அதே கொழும்பில் வந்து இறங்கினார் லெனார்ட் வுல்ஃப். வால்டேரின் நூல் தொகுதிகளும் சார்ல்ஸ் என்ற டெரியர் நாயும் அவருடைய முக்கிய உடைமைகள். 1905 ஜனவரியில் யாழ்ப்பாணக் கச்சேரியில் சிவில் சேவை அதிகாரியாக வேலை தொடங்கினார். இலங்கையில் ஏழு ஆண்டு. ஊர் திரும்பி ‘காட்டுக்குள் ஒரு கிராமம்’ என்ற நாவலை எழுதினார். நாவலாசிரியர் வர்ஜீனியாவை மணந்து ஹோகார்த் பதிப்பகத்தை நடத்தினார். அந்த வீட்டில் நாய்கள் வந்துகொண்டே இருந்தன. 1926-ல் எழுத்தாளர் விட்டா சாக்வில்-வெஸ்ட் கொடுத்த ஸ்பானியல் பிங்கா அதில் ஒன்று. ‘அலைகள்’ நாவலை முடித்த களைப்பில் பிரௌனிங் தம்பதியின் கடிதங்களைப் படித்துக்கொண்டிருந்த வர்ஜீனியாவுக்கு ஃப்ளஷ் கண்ணில் பட்டது. அந்த நாயின் வாழ்க்கை வரலாறாக 1933-ல் ஒரு புத்தகம் எழுதினார். வேடிக்கைக்காக எழுதியது, அமோகமாக விற்றது. விம்போல் தெரு நாயை எழுத அன்றாடம் கண்ணெதிரே இருந்த மாதிரி பிங்கா.

எழுத்தாளர் என்றால் பூனை என்ற எண்ணம் ஊன்றியது இந்தக் காலத்தில்தான். மனித மனத்தைப் பற்றி நாவல் எழுத விரும்பிய இளைஞருக்கு, ஒரு ஜோடிப் பூனை வாங்கிக் கவனி என்று யோசனை சொன்னதாக ஆல்டஸ் ஹக்ஸ்லி 1931-ல் ஒரு கட்டுரையே எழுதினார். மியூரியல் ஸ்பார்க் 1988-ல் வெளியிட்ட நாவலில், மனம் ஒருமுகப்பட வேண்டுமென்றால் மேசை விளக்கின் கீழ் ஒரு பூனையை உட்கார வை என்று ஒரு பாத்திரம் அறிவுரை சொல்கிறது. துப்பறியும் நாவல் எழுதிய ரேமண்ட் சாண்ட்லர், தம் கறுப்புப் பாரசீகப் பூனை டாக்கியைக் காரியதரிசி என்றே குறிப்பிடுவார். எந்தத் தாள் இப்போது வேண்டுமோ சரியாக அதன்மேல் உட்காருவது அதன் வேலை.

இதற்குப் பின்னால் இருந்தது வீடு சுருங்கிய கதை. மாளிகையும் வேலையாட்களும் போய், நகரத்து அடுக்ககத்தில் தாமே சமைத்துத் தாமே தட்டச்சு செய்யும் எழுத்தாளர்கள் வந்தார்கள். அங்கே பூனைக்கும் ஒரே தடை அதன் கழிவுதான். சாம்பலும் மணலும் போட்டுச் சமாளித்தார்கள், நாற்றம் போகவில்லை. 1947-ல் மிச்சிகன் மாநிலத்துக் காசோபோலிஸ் ஊரில் எட் லோ என்பவர், எண்ணெயை உறிஞ்ச விற்றுவந்த களிமண் பொடியைப் பக்கத்து வீட்டுக்காரியின் பூனைப் பெட்டிக்குக் கொடுத்தார். அது பெரிய வியாபாரமாயிற்று. பூனை வெளியே போகாமலே வாழ்நாளைக் கழிக்கலாம் என்ற நிலை அதற்குப் பிறகே பரவியது. நூலகத்து மௌனமும் பூனையின் மர்மமும் எழுத்தாளரைக் கவர்ந்தன என்று சொல்லும்போது இந்தக் களிமண்ணையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

நாய்க் கட்சி அதற்காகத் தோற்றுவிடவில்லை. 1936 மே மாதம் கலிபோர்னியாவில் ஜான் ஸ்டைன்பெக் வீட்டில் தனியே விடப்பட்ட டோபி என்ற குட்டி, ‘எலிகளும் மனிதர்களும்’ கையெழுத்துப் பிரதியில் பாதியைக் கிழித்துப் போட்டது. இரண்டு மாத உழைப்பு, வேறு பிரதி இல்லை. நாய் ஒருவேளை விமர்சனம்தான் செய்ததோ என்னவோ என்று தம் முகவருக்கு எழுதிவிட்டு, ஸ்டைன்பெக் மறுபடி முதலிலிருந்து உட்கார்ந்தார். 1937-ல் புத்தகம் வந்து அவருக்குப் பெரும் புகழைத் தந்தது. 1960-ல் அமெரிக்காவைச் சுற்றி வரக் கிளம்பியபோது அவர் துணைக்குக் கூட்டிக்கொண்டது சார்லி என்ற பூடில் நாயை. தெரியாத ஊரில் தெரியாதவரோடு பேச்சைத் தொடங்கச் சார்லி நல்ல சாக்காக இருந்தது. பூனையால் அது முடியாது.

எர்னஸ்ட் ஹெமிங்வேயின் பூனைகளோ நீதிமன்றம் வரை போயின. கியூபாவில் அவர் வாழ்ந்த ஃபிங்கா விஹியா வீட்டில் பூனைகள் டஜன்கணக்கில் பெருகின. 1947-ல் ஒரு கோபுரம் கட்டி, ஒரு தளத்தைப் பூனைகளுக்கும் உச்சித் தளத்தை அவருடைய எழுத்துக்கும் ஒதுக்கினார்கள். அவர் பழையபடி படுக்கையறையிலேயே நின்றபடி எழுதினார். நாய்களும் உண்டு. காலடியில் கிடப்பது பிளாக் டாக். ஃபுளோரிடாவின் கீ வெஸ்ட்டில் 1931 முதல் அவர் வாழ்ந்த வீடு இன்று அருங்காட்சியகம். ஆறுவிரல் பூனைகளைப் பார்க்கவே கூட்டம் வருகிறது. அந்தப் பூனைகள் வேலி தாண்டுகின்றன என்று யாரோ புகார் செய்ய, விலங்குகளைக் காட்சிக்கு வைப்பவர் என்ற முறையில் உரிமம் வாங்க வேண்டும் என்றது அமெரிக்க வேளாண் துறை. வழக்கு நடந்தது. 2012 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அரசின் பக்கம் தீர்ப்பளித்தது.

பழைய சாட்சிகளையெல்லாம் விசாரித்து முடித்தால், பூனையாலோ நாயாலோ ஒருவருக்கு எழுத்து வந்ததாக நிரூபணமே இல்லை. நாற்காலியில் நெடுநேரம் உட்கார்ந்தவர்களுக்குப் பூனை இடைஞ்சல் செய்யாமல் கூட இருந்தது. செய்தபோதும் திட்டிவிட்டு எழுதினார்கள். நாற்காலியைவிட்டு எழுப்ப ஆளில்லாதவர்களை நாய் எழுப்பிக் கூட்டிப்போனது, மனிதர்களோடு பேச வைத்தது. இரண்டையும் வைத்திருந்த ஸ்காட்டும் டிக்கன்ஸும் சோசெகியும் ஹெமிங்வேயும் இது உயர்த்தி என்று தீர்ப்புச் சொல்லவில்லை. வீட்டிலிருந்து எழுதுகிற நீங்கள் ஒன்றைக் கொண்டுவரப் போகிறீர்கள் என்றால், எது உங்கள் எழுத்துக்கு நல்லது என்று யோசிப்பதை விடுங்கள். காலையில் வெளியே நடத்திக் கூட்டிப்போக நேரமிருக்கிறதா, தட்டை அலம்பிப் பெட்டியைச் சுத்தம் செய்யப்போவது நீங்களா, வீட்டில் வேறொருவரா என்று முதலில் பாருங்கள். பதினைந்து ஆண்டுவரை உங்களோடு இருக்கப்போகும் பிராணி அது.